தேரோட்டத்தன்று ஒரு வாரண்ட்

மதினி,

அன்றைக்கு அந்தத் தெரு முக்கில் நின்றவர்களை வரிசையாகச் சொல்கிறேன், ஒரு ஆள் விடாமல். போலீஸ் ஏட்டையா தங்கராசு. என் வக்கீலுடைய குமாஸ்தா குருசாமி. எங்கள் அண்ணன் சண்முகம், யாரோ எவரோ மாதிரி சுவரோரம் ஒதுங்கி. என் இடுப்பில் மகள் செல்வி, கையைப் பிடித்துக்கொண்டு மகன் ராமர். மோர் வாளியோடு நீங்கள். நான். பொறவு, ஆண்டாள் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உங்கள் தம்பி.

இன்றைக்கு எதிர்வீட்டில் புதுக்கதவுக்கு மரம் அறுக்கிறார்கள். மெஷின் வாள் பட்டுக் கட்டை சூடேறிக் கருகுகிற வாசம் என் அடுப்படி வரைக்கும் வந்தது. தேரை நிறுத்தவும் திருப்பவும் அடியில் கொடுக்கிற சறுக்குக்கட்டையும், சக்கரம் ஏறி நசுங்கினால் இப்படித்தான் மணக்கும். மூக்கில் ஏறினதும் ஜன்னலைச் சாத்தினேன். ராமருக்கே தலை நரைக்கத் தொடங்கியாச்சு, எனக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

என்னைக் கட்டின உங்கள் தம்பி திருப்பூரில் வேறு குடித்தனம் வைத்ததைக்கூட நான் வெளியில் சொல்லாமல் இருந்தேன். அவன்தான் முந்திக்கொண்டு, நான் குடும்பம் நடத்த லாயக்கில்லாதவள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விவாகரத்து மனு போட்டான். அதற்குப் பிறகுதான் நான் ஜீவனாம்சம் கேட்டேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்ன அன்று, இனிமேல் கவலையில்லை என்று ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். தீர்ப்பு வேறு, கைக்குக் காசு வருவது வேறு என்று அப்போது எனக்கு யார் சொன்னது? கொஞ்ச மாதம் கட்டினான். பொறவு மில் வேலையை விட்டுவிட்டு ஆளே மறைந்து போனான்.

திரும்பவும் மனு. கோர்ட்டிலிருந்து வாரண்ட் போகும். வாரண்டைக் கொண்டுபோன போலீஸ்காரர், அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிக் கொண்டுவருவார். அடுத்த வாய்தா. பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிற வேலை எனக்கு. வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி கிடையாது. கூலியையும் விட்டுவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் நின்றால், குருசாமி வந்து விரட்டுவார்.

"ஆளைக் காட்டும்மா. நீ ஆளைக் காட்டாட்டா ஜட்ஜையா என்ன செய்வாரு? அவரா துண்டைப் போட்டுக்கிட்டுத் தேடிப் போவாரு? வருசம் ஓடிட்டா பழைய பாக்கிக்கு வாரண்டே கேக்க முடியாது, பாத்துக்கோ. ஆடியோட சரி."

வீட்டிலும் அதே ஆடிதான். அண்ணன் சாப்பிட உட்காரும்போது சொன்னான், பிள்ளைகள் காதில் விழ: "ஆடி முடியட்டும். பணம் வந்தா பிள்ளைக இங்க இருக்கட்டும். வரலையா, கொண்டுபோய் அவன் ஆத்தா வீட்டுல விட்டுரு. நீ ஒருத்தின்னா எனக்குப் பாரமில்ல." அண்ணன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அவள் வேற்று வீட்டுப் பெண், இவன் என் கூடப் பிறந்தவன். அன்றிலிருந்து ராமர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். குறைச்சலாகத் தின்றால் இருக்க விடுவார்கள் என்று அந்தப் பிள்ளை மனதில் ஒரு நினைப்பு. "பசிக்கலம்மா" என்பான். பசிக்காத வயசா அது?

அந்த நிலைமையில்தான் ஒரு வாய்தா முடிந்து, பஸ்ஸுக்குப் போக மனசில்லாமல், அந்த ஊரிலேயே மடவார் வளாகத்தில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். உதவி கேட்டு வரவில்லை மதினி. உட்கார இடம் தேடி வந்தேன். எதிராளியின் அக்கா வீடு என்று தெரிந்துதான் வந்தேன்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"ஆச்சு மதினி."

"கோர்ட்டுல பொய் சொன்னா பிடிச்சுப் போடுவாகளாம். இங்க சொன்னா நான் போடுவேன். உக்காரு."

வட்டில் காலியாகக் காலியாகச் சோறு வைத்தீர்கள். வட்டிலைக் கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "அவன் எங்க கெடந்தாலும் ஆடிப்பூரத் தேருக்கு வந்துருவான். சக்கரத்துக்குக் கட்டை குடுக்கது எங்க அப்பா வழி. பெண்டாட்டி பிள்ளைய விடுவான், அதை விட மாட்டான்." கழுவின வட்டிலைத் துடைத்துக்கொண்டே, "நான் சொன்னேன்னு சொல்லாத" என்றீர்கள். வட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொன்னாத்தான் என்ன, சொல்லு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு தேரோட்டம் வரைக்கும் நான் பட்ட பாடு! அவன் வராமல் போய்விடுவானோ என்று ஒரு பயம். வந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பெரிய பயம். தேரடியில் ஆளைப் பிடித்துக் கொடுத்தவள் என்று ஊர் பேசுமே. தேர் நகரவில்லை என்றால் என்னால்தான் என்பார்களே. அந்த ஆண்டாள் தாயாரிடமே கேட்டேன், உன் தேர் ஓடுகிற நாளில்தானா எனக்கு இந்த வேலை என்று. பேண்டேஜ் துணியை மாற்றி மாற்றி மடித்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

தேரன்றைக்கு ஏட்டையா சாதா வேட்டி சட்டையில் வந்திருந்தார். வாரண்டு மடியில். தேர் அசைந்து அசைந்து வருகிறது. கட்டை போடுகிறவர்கள் அம்புட்டுப் பேரும் ஒரே மாதிரி: வெறும் மேல், மஞ்சள் வேட்டி, தலைக்கட்டு, உடம்பெல்லாம் வேர்வையும் சந்தனமும். சக்கரம் ஏறும்போது கட்டை புகைகிறது.

"இதுல உன் ஆளு எவன்?" என்றார் ஏட்டையா.

"அந்தா, அவிய தான்."

"அங்கன நாப்பது அவிய நிக்காக. பேரைச் சொல்லிக் கூப்புடும்மா. திரும்புறவனைப் பிடிக்கேன்."

"இப்பவே போய்ப் பிடிங்கய்யா" என்று குருசாமி அவசரப்படுத்தினார்.

"சக்கரத்தடியில நிக்கவனை இழுத்தா ஊர்க்காரன் என்னை இழுத்து அதுக்கடியில போடுவான். தேர் நிக்கட்டும். நின்னதும் கூப்புடட்டும்."

முக்கில் தேர் நின்றது. அம்புட்டுப் பேரும் தண்ணீர் குடிக்கக் கலைகிறார்கள். செத்த நேரம் போனால் கூட்டத்தில் கலந்துவிடுவான். "கூப்புடும்மா, கூப்புடு" என்கிறார் ஏட்டையா. வாயைத் திறந்தேன். தாலி கட்டின நாளிலிருந்து அவன் பேரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுவேன். கோர்ட்டில் என்னை ஏசி எழுதினவன், பிள்ளை சோற்றில் மண்ணைப் போட்டவன் என்று அறிவுக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. காற்றுத்தான் வந்தது. ராமர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். என் பிள்ளைகள் என் கையை விட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

அப்போது பக்கத்தில் உங்கள் குரல். ஏலே என்று அவன் பேரைச் சொல்லி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

அவன் திரும்பினான். சிரித்துக்கொண்டே திரும்பினான். வருசா வருசம் அந்த முக்கில் வைத்து அவனுக்கு மோர் கொடுப்பது நீங்கள்தானே. "மோரு கொண்டாந்தியாக்கா?" என்று கையை நீட்டிக்கொண்டே வந்தான். நீட்டின கையைத்தான் ஏட்டையா பிடித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கின விதத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மோர் வாளி உங்கள் கையில் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது. "கூடப் பெறந்தவளா நீ?" என்று கத்தினான். நீங்கள் சொன்னீர்கள், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "கூடப் பெறந்ததுனாலதான்டா கூப்புட்டேன். வேத்தாளுன்னா எனக்கென்ன?" அப்படிச் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த மோரை ஏட்டையாவைத் தள்ளிக்கொண்டு போய் அவன் வாயில் ஊற்றினீர்கள். குடித்தான். குடித்துவிட்டுத்தான் போனான்.

ஜெயிலா பாக்கியா என்று ஜட்ஜ் கேட்டதும் உங்கள் அம்மா சங்கிலியை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டினாள். அதற்கு மேல் அவன் மறையவில்லை. முணுமுணுத்துக்கொண்டாவது கோர்ட்டில் கட்டினான். விவாகரத்தும் வந்தது, வந்த அன்று நான் வேலைக்குப் போனேன். பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். ராமர் வயிறு நிறையத் தின்றான்.

உங்களுக்குத்தான் ராஜபாளையத்துப் பிறந்த வீட்டுக் கதவு அடைத்தது. வருசா வருசம் தம்பி கொண்டுவருகிற பொங்கல் படி நின்றது. நான் அழுதால், "ஏட்டி, அவன் தர்ற ரெண்டு கரும்ப வச்சு நான் என்ன சீனி ஆலையா நடத்தப் போறேன்" என்று சிரிப்பீர்கள். ஆனால் பொங்கலன்று காலையில், ராஜபாளையம் பஸ் வருகிற நேரத்துக்கு நீங்கள் வாசல் பக்கம் வந்து வந்து போவதை நான் கண்டிருக்கிறேன். கண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

நீங்கள் போன அன்று ராமருக்கு மீசை அரும்பியிருந்தது. குளிப்பாட்டி உட்கார்த்தியாச்சு. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து மேலே விழாமல் எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். உங்கள் தம்பி ராஜபாளையத்தில்தான் இருந்தான். காலையிலேயே டீக்கடையில் வைத்து ராமர் சொல்லியிருந்தான், அத்தை போயிட்டாக என்று. "தெரியும்" என்றானாம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கடையில் ஓடிப் போய்ச் சேலை எடுத்து வந்தேன். "கல்யாணத்த ரத்துப் பண்ணிட்டுப் போனவ, நீ எந்த உறவுல கோடி போடுவ?" என்று ஒரு கிழவி கேட்டாள். நியாயமான கேள்விதான். சேலையை ராமர் கையில் கொடுத்தேன். "இவன் அவுக தம்பி மகன். இவன்தான் பெறந்த வீடு" என்றேன். கிழவி ஒதுங்கி வழி விட்டாள். ராமர் அதை உங்கள் மேல் போர்த்தினான். கலங்காமல் போர்த்தினான் மதினி.

எல்லாரிடமும் எனக்குக் கோபம் உண்டு, உங்களுக்குத் தெரியும். சண்முகத்தை விட்டுவிட்டேன், கடைசியில் என் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் கண்ணை மூடினான். எனக்குச் செய்த துரோகத்துக்கு உங்கள் தம்பியோடு இருந்த வழக்கு அந்தக் கோர்ட்டிலேயே முடிந்தது. ஆனால் கோடி இல்லாமல் உங்களை வெயிலில் காக்க வைத்தானே, அதற்கு எந்தக் கோர்ட்டும் கிடையாது. அதை நான் வைத்திருக்கிறேன். அவன் பேரை வாய்விட்டுச் சொல்லியே வைத்திருக்கிறேன்: மன்னிக்க மாட்டேன், சுப்பையாவை.