உறை போட்ட வாயும் இஞ்சி டீயும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் உறையோடுதான் டீ குடித்தேன்.

காலை ஐந்தேகாலுக்கு மாமா கதவைத் தட்டுகிறார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பே வருகிறது. திறந்தால், ஒரு கையில் இஞ்சி டீயோடு, மறுகையில் துண்டால் வாயைப் பொத்தியபடி நிற்பார். நான் ஒரு வாய் குடித்துத் தலையாட்டும்வரை நகரமாட்டார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று டாக்டர் மாட்டச் சொன்ன பிளாஸ்டிக் உறை அப்போது என் மேல்வரிசையில் இருக்கும். கழற்றினால் எச்சில் வழியும். மாமனார் முன்னாலா? பேசினாலோ மழலை. அதனால் "ம்" மட்டும். அவரும் "ம்".

அத்தை இறந்த பிறகு மாமாவைத் தனியாக விடவேண்டாம் என்று நானும் சஞ்சீவனும் சிங்கப்பூரின் இந்தக் கோடியில், பாசிர் ரிஸில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாலையில் நான் வேலையிலிருந்து வருவதற்குள் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு டீதான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான டீ.

மார்ச் 8, சனி

தேக்காவில் பல் டாக்டர், அப்படியே அங்கே சந்தையில் மீன். டாக்டர் அனுப்ரியா உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் பழுப்பு.

"இதைப் போட்டுக்கிட்டு என்ன குடிக்கிறீங்க?"

"டீ... காலைல மட்டும்."

"வெறும் தண்ணி மட்டும்தான் லா! சீனி உள்ள மாட்டிக்கிட்டா பல்லு சொத்தையாயிடும். சூடு பட்டா ஷேப்பும் போயிடும்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

கதவைத் திறந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அப்புறம் குடிக்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். வெறும் கையாட்டலில் அது எப்படித் தெரியும்? மாமா டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நான் வாய் கழுவி வருவதற்குள் டீயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டிருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

தட்டவில்லை. அலாரம்தான் எழுப்பியது.

மார்ச் 12, புதன்

சஞ்சீவன் சொல்கிறார்: "நிவேக்குத் தன் மேல கோவமான்னு அப்பா கேக்குறார். காலைல நீ வாயே தொறக்கமாட்டேங்குறியாம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அவர் மட்டும் பேசுறாரா? ரெண்டு மாசமா என்னைப் பார்த்தாலே துண்டால பொத்திக்கிறார். நாறுதா அவருக்கு?"

"உறையைப் பத்திச் சொல்லிடேன்."

"ஐயோ, நீங்களும் சொல்லாதீங்க."

கத்தி முடித்ததும் அழுகை வந்தது. மனைவியை இழந்த மனிதர், எனக்காக எழுந்து செய்த ஒன்றையும் நிறுத்திவிட்டேனே. வேறு எதைச் சொல்லி அவரோடு பேச்சை ஆரம்பிப்பேன்?

மார்ச் 16, ஞாயிறு

நான் ஒரு முட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கறையைப் போக்கிவிட்டால் பழையபடி டீ குடிக்கலாம், டாக்டருக்கா தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஐந்து மணிக்கே எழுந்து, குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது.

பின்னால் மாமா, வாயில் துண்டோடு.

வாய் காலியாக இருந்ததால் எல்லாம் கொட்டிவிட்டது. "கோவமெல்லாம் இல்ல மாமா. பல்லுல உறை, பேச வெக்கம். உங்க டீ எனக்கு வேணும். அதுக்குத்தான் புளி போட்டு விளக்கினேன், இப்படிப் போச்சு."

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்! துண்டு நழுவியது. மேலே ஒரு பல்கூட இல்லை.

சட்டென்று மூடிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அறைக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். தண்ணீரில் பல்செட்.

"குளிச்சப்புறம்தான் மாட்டுவேன்மா. உங்க அத்தைக்கு மட்டும்தான் தெரியும். சஞ்சீவனுக்குக்கூடத் தெரியாது."

இரண்டு மாதமாக நான் ஒரு பக்கம் வாயை மூடிக்கொண்டு, அவர் ஒரு பக்கம்!

இரண்டு டீ போட்டார். உட்கார்ந்து குடித்தோம்.

ஏப்ரல் 2, புதன்

நேற்றுப் புது உறை வந்தது. "புளியா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார்.

மாமா இப்போது ஐந்துக்கே தட்டுகிறார். முதலில் ஒரு குவளை வெறும் தண்ணீர். நான் உறையைக் கழற்றி வாய் கொப்பளிக்கும்வரை அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறார். அப்புறம்தான் டீ. துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டார்.

இன்று மாமா சொன்னது, அத்தையோடு முதல்முதலாக டோபி காட் பக்கம் தியேட்டரில் படம் பார்க்கப் போன கதை. பல் இல்லாமல் சொன்னதில் பாதி புரியவில்லை. "என்ன மாமா?" என்று கேட்கக் கேட்கத் திரும்பச் சொன்னார். கதையில் படம் ஆரம்பிப்பதற்குள்ளேயே டீ தீர்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். குவளையை நீட்டினேன். வழக்கமான பஸ் போய்விட்டது, அடுத்ததில்தான் வேலைக்குப் போனேன்.