மாயாவின் மதியச் சோறு

வேம்பு,

முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். நேற்று மாயாவின் டீச்சரைக் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பைச் சத்துணவு போடும் நேரத்தில்தான் நடத்துகிறார்களாம். மற்ற பிள்ளைகள் வீட்டுச் சோறு கொண்டுவருகிறார்கள். நம் பெண் பட்டினியாகவே உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியில் சாப்பிடுகிறாள் என்று நாம் இருந்துவிட்டோம்.

"அந்த கிளாஸ் எனக்கு வாணா நைனா" என்று அழுதாளே, அதைச் சோம்பல் என்று நினைத்து அவளோடு பேசாமல் இருக்கிறேன். அவளும் காரணத்தைச் சொல்லவில்லை. என் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

வகுப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். என் டிபன் பாக்ஸில் சோறும் முட்டையும் கட்டி வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்பு.

நான் கட்டியது என்று சொல்லாதே. சாப்பிடமாட்டாள்.

மூடியில் என் பெயர் வெட்டியிருக்கிறதே, மறந்துவிட்டேன். சரி, பார்க்கட்டும்.