மணல் கப்பல்

மார்ச் 2, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கப்பலின் பின்பக்க அறைக்கு ஜன்னல் வெட்ட உட்கார்ந்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, அரை மில்லிமீட்டர் தடிமன். கத்தியால் இரண்டு தடவை கீறி மடக்கினால் டக்கென்று நேராக ஒடியும். ஜன்னல் மட்டும் அப்படி வராது. சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

டோரிஸ் வாசலில் நின்று பார்த்தாள். கூடப் பிறந்தவள், மூத்தவள், இந்த வீட்டில் பாதி அவளுடையது. அதனால் பேசுவதற்கு உரிமை இருக்கிறது.

"கல்யாணம் வேணான்னுட்டு கப்பல் கட்டிக்கிட்டு இருக்கியா? அதுவும் மண்ணு அள்ளுற கப்பலு."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கடலோரத் தெங்கேரா பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த கப்பல் இது. கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி வந்து கரையில் கொட்டும். கொட்டிக் கொட்டி, கடல் இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. போர்க்கப்பல் மாடல் செய்ய உலகத்தில் ஆயிரம் பேர். கடலையே தள்ளி வைத்த இந்த அசிங்கமான கப்பலை ஒருவரும் செய்யவில்லை. நான் செய்கிறேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை, ஆனால் கயிறு சுற்றும் வின்ச் முதல் ஏணி வரை எல்லாம் இருக்கும்.

மார்ச் 8, சனி

இன்று கெவின் கடைக்குப் போனேன். தெங்கேராவில் மாடல் கடை வைத்திருக்கிறான். ஒரு கப்பலை வைத்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் காய்ந்தால் கல்லாகிற ரெசின் ஊற்றி, அதே மாதிரி பல கப்பல் வார்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். என் கப்பலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஃபினிஷிங் நல்லா இருக்குலா, அக்கா. ஆனா மண்ணு கப்பல எவன் வாங்குவான்? முன்னுக்கு ரெண்டு பீரங்கி வெச்சுக் குடுங்க, போர்க்கப்பல்னு ஓடிரும்."

"மண்ணு அள்ளப் போறவன் யார சுடப்போறான், தம்பி?"

சிரித்தான். சரி, இப்படியே வார்த்துத் தருகிறேன், ஆனால் பெட்டியில் என் கடைப் பேர் மட்டும்தான் இருக்கும் என்றான். செய்தவர் பேர்? அது வேண்டாமாம்.

"க்ளவ் ஃபேக்டரி ஆன்ட்டி செஞ்சதுன்னா கஸ்டமர் எப்படி நம்புவான்?"

நான் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், அதைச் சொல்கிறான். அக்காவில் தொடங்கி ஆன்ட்டியில் முடித்தான். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஊர் புலாவ் செபாங் வரும்வரை அதை மடியைவிட்டு இறக்கவில்லை. அவ்வளவு கோபம்.

நானே வார்ப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

அச்சு எடுக்கும் சிலிக்கான் ரப்பரும் ரெசினும் ஆர்டர் போட்டாயிற்று. டோரிஸிடம் சொல்லவில்லை. தவக்காலத்தில் இப்படிச் செலவு செய்கிறாயே என்பாள்.

மார்ச் 15, சனி

அச்சுக்குப் போகிற கப்பலில் ரப்பர் சிக்கிக்கொள்ளும் இடம் எதுவும் இருக்கக் கூடாது. சிக்கினால் உரிக்கும்போது கப்பலும் பிய்யும், அச்சும் கிழியும். அதனால் மணல் உறிஞ்சும் குழாயைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டேன். அதைத் தனியாக வார்த்து ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் பெரிய மணல் தொட்டி மேலே திறந்து கிடக்கிறது, அதில் தொந்தரவு இல்லை.

இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்தேன், யோசித்தேன். க்ளவ் ஃபேக்டரி ஆன்ட்டிக்கும் மூளை இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஊற்றிவிட்டேன்!

கெவின் வெறுங்கையால் ஊற்றுகிறவன், அவன் கடையில் பார்த்திருக்கிறேன். நான் சுத்தம். எங்கள் தொழிற்சாலைக் கையுறை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. என் வேலையே கையுறையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு ஓட்டை பார்ப்பதுதான். நானே சோதித்துத் தேறியவை. கப்பலின் மூலை முடுக்கெல்லாம் விரலால் சிலிக்கானைத் தடவித் தடவிக் குமிழியை வெளியேற்றினேன். பிறகு கப்பலை வைத்த பெட்டி நிறைய ஊற்றினேன்.

மார்ச் 17, திங்கள்

மேலே இட்லி மாதிரி வெந்திருந்தது. உரித்தால் உள்ளே களி.

கப்பலைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குக் கொழகொழவென்று, காயவே இல்லை. பிய்த்து எடுத்ததில் வின்ச் போச்சு, ஏணி போச்சு, பின்பக்க அறையில் பாதி கையோடு வந்துருச்சு. அந்த ஜன்னல்... எத்தன ஞாயித்துக்கிழம. என்னா தப்பு செஞ்சேன்? அளவு சரி. கலக்குனதும் சரி. பின்ன ஏன்?

டோரிஸ் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 19, புதன்

மானத்தை விழுங்கிக்கொண்டு கெவினுக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டான்:

"என்ன க்ளவ்ஸ் போட்டீங்க?"

"ஃபேக்டரி க்ளவ்ஸ்."

சிரித்தான் பாருங்கள், ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"ரப்பர் க்ளவ்ஸ்ல கந்தகம் இருக்குலா, அக்கா. அது பட்ட எடத்துல இந்த சிலிக்கான் காயவே காயாது. நைட்ரைல் போடணும், அந்த ப்ளூ கலரு. இதுக்குத்தான் சொன்னேன், எங்கிட்டயே குடுத்துருங்கன்னு."

இத்தனை வருடமாகக் கையுறையில் ஓட்டை தேடுகிறேன். ஓட்டையே இல்லாத கையுறை என்னைக் கவிழ்த்துவிட்டது. நான் தடவிய இடமெல்லாம் களியாகியிருக்கிறது. எவ்வளவு அக்கறையாகத் தடவினேனோ அவ்வளவு நாசம்.

ஆனால் அவனிடம் சொன்னது இதுதான்: "தகவலுக்கு நன்றி, தம்பி. கப்பல் என்கிட்டயே இருக்கட்டும்."

மார்ச் 22, சனி

பக்கத்து ஊரான தம்பினில் ஒரு மருந்துக்கடையில் நீலக் கையுறை வாங்கினேன். அங்கே வேலை செய்யும் புனிதா எங்கள் வரிசை வீட்டுப் பெண்.

"ஆன்ட்டி, நீங்களா காசு குடுத்து க்ளவ்ஸ் வாங்குறீங்க?"

"ஆமாம்மா. காலம் அப்படி."

கப்பலைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். உடைந்ததையெல்லாம் மறுபடி செய்கிறேன். அழுதுகொண்டே செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன்.

அப்போதுதான் தோன்றியது. பெட்டியில் என் பேர் போட மாட்டானா? சரி, பெட்டி அவனுடையது. கப்பல் என்னுடையது. கப்பலிலேயே போட்டால்?

அடிப்பக்கம் உதவாது. ரெசினை அந்தப் பக்கமாகத்தான் ஊற்றுவார்கள், பிறகு உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குவார்கள். யோசித்து, மணல் தொட்டியின் தரையைத் தேர்ந்தெடுத்தேன். மெல்லிய பட்டையில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டிவிட்டேன். மோனிக்கா. இனி இந்த அச்சிலிருந்து எத்தனை கப்பல் வந்தாலும் அத்தனையும் என் பேரோடுதான் வரும்.

டோரிஸ் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "பேரு போட வேற எடமே இல்லியா? மண்ணு கொட்டுற எடத்துலயா?"

"கப்பல்ல பெரிய எடமே அதுதான்க்கா."

மார்ச் 31, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. பக்கத்து வீட்டிலிருந்து மூங்கிலில் வெந்த லெமாங் சோறு வந்தது. தின்னாமல், நேற்று நீலக் கையுறையோடு மறுபடி ஊற்றிய அச்சை உரித்தேன்.

காய்ந்திருக்கிறது. உள்ளேயும். ஏணியின் ஒவ்வொரு படியும் ரப்பரில் பதிந்திருக்கிறது.

மதியம் ரெசின் ஊற்றினேன். முதல் கப்பலை வேலையில் கையுறையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். மூக்குக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை. தள்ளுபடி. இரண்டாவதில் ஒன்றுமில்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அப்போது அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டு நன்றாகவே அழுதேன்.

டோரிஸ் வாங்கி ஜன்னலோரம் பிடித்தாள். "உன் பேரு தெரியுதுடி" என்றாள். தட்டில் லெமாங்கை வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 5, சனி

கெவின் கடை. கப்பலை விளக்கடியில் பிடித்து மூலை மூலையாகத் தேடினான். "ஒரு குமிழிகூட இல்லியே. எப்படிக்கா?" என்றான் கடைசியில்.

பத்துக் கப்பல் கேட்டான். நானே வார்த்துத் தருவேன், பேர் அப்படியே இருக்கும் என்றேன்.

"அந்தப் பேர மட்டும் லேசா தேச்சுடலாமா?"

"தேச்சா தரையில ஓட்ட விழுந்துரும். அவ்ளோ மெல்லிசாத்தான் வெச்சிருக்கேன்."

என்னையே பார்த்தான். சரி என்றான். கண்ணாடி அலமாரியில் வைக்க ஒன்றை இப்போதே வாங்கிக்கொண்டான். திரும்பும்போது பஸ்ஸில் என் மடி காலியாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாளை குருத்து ஞாயிறு. டோரிஸுக்கு டவுனில் துணி எடுக்க வேண்டியிருந்தது. அவள் மைவி காரில் போனோம். "உன் கப்பல கடையில வெச்சிருக்கானா, பாத்துட்டுப் போவோம்" என்றாள். அவளாகத்தான் சொன்னாள்.

அலமாரியில் என் கப்பல் இருந்தது. அழகாகப் பெயின்ட் அடித்து, கடல் மாதிரி நீலப் பலகையில் வைத்திருந்தான். முன்னால் ஒரு அட்டை: கெவினின் சொந்தப் படைப்பு. தொட்டி நிறைய மணல், விளிம்புவரை. என் பேர் இருந்த இடம் தெரியவில்லை.

"ரியலா இருக்கணும்லா, அக்கா" என்றான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. "மண்ணு கப்பல்னா மண்ணு வேணாமா?"

கடையில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள். எதிர்த்துப் பேசுவதற்கென்றே பிறந்தவள் நான், இந்த நேரம் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. தேய்க்கத்தானே கூடாது என்றேன்? மூடக் கூடாது என்று சொல்லவில்லையே. ஏமாந்துட்டேன், மறுபடியும் ஏமாந்துட்டேன்...

டோரிஸ் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். கப்பலைப் பலகையோடு எடுத்து, கெவினின் கல்லாமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். பசை போடாத மணல். மேசை, பில் புத்தகம், அவன் டீ கப், எல்லா இடத்திலும் கொட்டியது.

"அக்கா, என்னா செய்றீங்க?"

"என் தங்கச்சி பேரு இதுக்குள்ள எங்கியோ கெடக்குன்னா. தேடுறேன்."

நிமிர்த்தி, தொட்டிக்குள் ஊதினாள். மிச்ச மணல் பறந்தது. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் குனிந்து பார்த்து, இது என்ன எழுத்து என்று மலாயில் கேட்டார். டோரிஸ் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். அப்புறம் அதே விரலால் என்னைக் காட்டினாள். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் இன்னொரு கையில் டோரிஸின் பை.

அட்டையைக் கெவினே எடுத்து மடித்துப் போட்டான். டோரிஸ் துணி எடுத்தாள். காரில் ஏறியதும், "என் சேலையெல்லாம் மண்ணு" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாஸ்கா, ஈஸ்டர் பண்டிகை. பிரியாணி. கப்பல் வேலை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

கெவின் இன்னும் பத்து கேட்கிறான். சீனப் பெரியவருக்கு இழுவைப் படகும் வேண்டுமாம். அட்டையில் இப்போது என் பேர் மேலே, அவன் கடை கீழே. ஃபோனில் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், தொடக்கத்திலிருந்து முடிவுவரை.

மாலை தம்பினில் நீலக் கையுறை வாங்கினேன். நடு அளவில் ஒரு பெட்டி, பெரிய அளவில் ஒரு பெட்டி. பெரியது யாருக்கு என்று புனிதா கேட்டாள். டோரிஸுக்கு என் கையுறை பத்தவில்லை என்றேன்.