மூலையில் ஒரு திருஷ்டிப் பொட்டு

மாப்ளே,

என் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் ஒரு பிளைவுட் சதுரம் கிடக்கிறது. சூடு பட்டால் இன்னும் அந்தப் பசை வாசம் வருகிறது. இது தப்பாக வெட்டிய சதுரம். சரியானது மதுரைக்குப் போய்விட்டது.

இங்கே வளைகுடாவில், உன் முவைலா வீட்டுப் பால்கனியில் அந்தக் குட்டி சிஎன்சி ரவுட்டர், கம்ப்யூட்டர் சொன்னபடி பலகை வெட்டும் மெஷின், வந்து இறங்கிய அன்று நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? வரைய ஒரு சாஃப்ட்வேர், வரைந்ததை மெஷின் ஓடும் பாதையாக மாற்ற வேறொன்று என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய்.

"ரெண்டும் ஒண்ணுலயே இருக்கையில எதுக்குடா தனித்தனியா?" என்றேன்.

"ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு இருக்கும்ல."

கத்திக் கத்தி நான்தான் ஜெயித்தேன். எல்லாம் ஒன்றிலேயே இருக்கிற மாதச் சந்தா சாஃப்ட்வேரை உன் மெயிலில் எடுத்தோம். ஆனாலும் நீ விடவில்லை. எதை வரைந்தாலும், எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கிற வெறும் கோட்டுப் படமாக அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாய். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நூறு மில்லிமீட்டர் சதுரம் ஒன்று இருக்கும். அதை முதலில் கழிவுத் துண்டில் வெட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த பிறகுதான் நல்ல பலகையைத் தொடுவாய்.

"பச்சப்புள்ளைக்கு வைக்கிற மாதிரி திருஷ்டிப் பொட்டாடா?" என்று கேட்டால், "ஆமா, கண்ணு பட்டுரும்ல" என்பாய். சிரிக்கக்கூட மாட்டாய்.

கடைசியாக நீ எடுத்த வேலை கொலுப்படி. ஆணி இல்லாமல் கோத்து நிறுத்தி, கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற மாதிரி. ஐந்து படிகளை வெட்டிவிட்டாய். அவற்றைத் தாங்கும் பக்கப் பலகை இரண்டுதான் பாக்கி. அடுத்த லீவுக்கு வந்து முடிக்கிறேன் என்று ருவைஸ் எண்ணெய் ஆலைக்கு டூட்டிக்குப் போனாய். அங்கிருந்து நீ வரவில்லை, போன்தான் வந்தது. மாரடைப்பு என்றார்கள்.

மதுரைக்குப் போக வீட்டைக் காலி செய்கிற நாளில் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். அன்று மாலையே கார்கோக்காரர்கள் வருவதாக இருந்தது. ஐந்து படிகளும் சுவரில் சாய்ந்து நின்றன.

"அண்ணே, இந்த வருசம் கொலு கிடையாது. அடுத்த வருசம் வைப்பேன். வச்சா அவரு செஞ்ச படியிலதான். அந்த ரெண்டு பக்கத்தையும் வெட்டிக் குடுத்துருங்க."

அதே கனத்தில் ஒரே ஒரு பிளைவுட்தான் மீதி இருந்தது. சந்தா சாஃப்ட்வேர் உன் பாஸ்வேர்டோடு பூட்டிக்கிடந்தது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படம் மட்டும் என்னிடம் இருந்தது. இலவசமாகக் கிடைத்த வேறொரு சாஃப்ட்வேரை அவசரமாக இறக்கி அதில் திறந்தேன். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மெஷினைச் சும்மா சுற்றவிட்டுப் பார்த்தேன், அந்தச் சத்தத்துக்கே வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினான். "பாய், கம்ப்ளெயின்ட் ஆயா. ஜல்தி கலாஸ் கரோ." புகார் வந்திருக்கிறதாம், சீக்கிரம் முடிக்கணுமாம்.

சதுரமாவது மண்ணாவது, நேரே பலகையை வெட்டிவிடலாம் என்று கை போய்விட்டது. மூலையில் உன் சதுரம் உட்கார்ந்திருந்தது. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தும் விட மாட்டேன் என்கிறாயே! திட்டிக்கொண்டே கழிவுத் துண்டில் அதை வெட்டினேன்.

வெர்னியர் நூறு காட்டவில்லை. துளி கூடுதல், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் வெளியளவு கூடினால் உள்ளே வெட்டுகிற பள்ளம் குறுகும். படியின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அதில் நுழையாது. அந்த ஒரே பலகையும் பாழாகியிருக்கும். தங்கச்சி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு பக்கமாகத் தேடியதில் அகப்பட்டது. நான் கேட்காமலே அந்த சாஃப்ட்வேர் நம் வெட்டும் பிட்டைக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டிருந்தது. நம்முடையது ஆறு மில்லிமீட்டர், அதைவிடத் துளி மெலிசு; அதனால்தான் வெட்டு அவ்வளவு தள்ளி ஓடியது. மாற்றினேன். இன்னொரு சதுரம் வெட்டினேன். நூறு.

பிறகு அந்த ஒரே பலகையை மெஷினில் மாட்டினேன். முடியும்வரை மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. வாட்ச்மேன் மறுபடி தட்டினான், காதில் வாங்கவில்லை. வெட்டி எடுத்ததும் தங்கச்சியே முதல் படியைச் சொருகினாள். பாதியில் நின்றது. அவள் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். டொக்கென்று உட்கார்ந்தது. நீ போனதிலிருந்து அழாதவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

சரியான சதுரத்தைப் படிகளோடு கட்டிக்கொண்டாள். மெஷினை என்னிடம் விட்டுப்போனாள். இப்போது வரைய ஒன்று, வெட்ட ஒன்று என இரண்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். ஜெயித்துவிட்டாய், போதுமா?

நேற்று என் மகளுக்குப் புத்தக அலமாரி வரைய உட்கார்ந்தேன். ஒரு கோடு போடுவதற்கு முன்னே கை தானாக மூலைக்குப் போய்ச் சதுரம் போட்டது. "திருஷ்டிப் பொட்டாடா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பிறகு நானே சொல்லிக்கொண்டேன், "ஆமா, கண்ணு பட்டுரும்ல."