கணவன் வேடத்துக்கு ஆள் தேவையில்லை

டொராண்டோ
அக்டோபர் 12, 1986

அன்புள்ள டைஸ்தோ,

நலம்தானே? நாற்பத்தாறு வயதில் வகுப்பில் நான்தான் கிழவி. நவீன நாடகம் சமூகத்தை எப்படி மாற்றியது என்று படிக்கிறோம். இப்போது நாங்களே ஒன்று போடுகிறோம். முதல் தடவை முழுக்க நடிப்போம்; அதில் மனைவி கணவனிடம் தோற்றுப்போவாள். மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர்களில் யாரும் "நிறுத்து" என்று எழுந்து வந்து, அவள் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே. கதைக்கு நம் சமையலறையைத்தான் கொடுத்தேன். நான் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அந்தக் காலையை.

திரும்பி வருவேனா என்று கேட்டிருந்தாய். கிறிஸ்துமஸுக்குள் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆவுனே


சட்பரி
அக்டோபர் 20

ஆவுனே,

நம் வீட்டுச் சண்டையை ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டாயா? நல்லவேளை, மேஜையை விட்டுவிட்டுப் போனாய். சுரங்க வேலைநிறுத்தத்தில் மாதக்கணக்காகப் பனியில் நின்றவன் நான். எனக்கா சமூக மாற்றப் பாடம்?

சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினேன். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு விறகு தண்டம். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, ஆவுனே. எப்போது வருகிறாய்?

டைஸ்தோ


டொராண்டோ
நவம்பர் 16

அன்புள்ள டைஸ்தோ,

நாடகம் 29ஆம் தேதி உங்கள் தொழிற்சங்கக் கூடத்துக்கே வருகிறது. எனக்குப் பரீட்சை, நான் வரவில்லை. நீ போய்ப் பார். அப்புறம் பேசலாம்.

ஆவுனே


சட்பரி
நவம்பர் 30

அன்புள்ள ஆவுனே,

போனேன். பக்கத்து வீட்டு ஹெல்மி முதலில் எழுந்துபோய், மனைவி இடத்தில் நின்று, அந்த நாடகத்துப் புருஷன் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள். கூடமே சிரித்தது. நானும் கை தூக்கினேன்.

"புருஷன் வேஷத்துக்கு நான் வர்றேன்."

நடத்துகிற பெண் சொன்னாள்: "மன்னிக்கணும் சார். அவர் வேஷத்தை மாத்த முடியாது. அந்தம்மா இடத்துல வேணா நில்லுங்க."

"போடா டைஸ்தோ, கவுனை மாட்டிக்கிட்டுப் போ!" என்று பின்னாலிருந்து சுரங்கத்து வெய்க்கோ கத்தினான்.

போனேன். "எனக்குப் படிக்கணும்" என்றேன். புருஷனாக நடித்தவன் பேப்பரில் பக்கத்தைப் புரட்டினான். இன்னொரு தடவை சொன்னேன். "காபி ஆறிப்போச்சு" என்றான். தலையைத் தூக்கவே இல்லை. நான் அப்படியா இருந்தேன்?

புருஷனாக நிற்க விட்டிருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உட்காரு, சொல்லு" என்றிருப்பேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் உன் இடத்தில் நின்றபோது அங்கிருந்து போகத்தான் தோன்றியது. மேடையில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். அதைத் திறந்து இறங்கினேன். கூடத்தை விட்டும் வெளியேறி, பனியில் வீடுவரை நடந்தே வந்துவிட்டேன். உள்ளே கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் இனிமேல் கேட்க மாட்டேன். அந்தச் சமையலறையில் ஐந்து நிமிஷம் என்னாலேயே இருக்க முடியவில்லை. உன்னை எப்படிக் கூப்பிடுவேன்?

டைஸ்தோ