ஏழு மாதத்துப் புகை

ஜூன் 12, திங்கள்
விடாத மழை. அலமாரியில் பூஞ்சை, படிவங்களில் ஈரம். வேலை: ஆசுபத்திரிப் பேறுகாலப் பதிவேட்டிலிருந்து முகவரி, தாயின் ரத்த அழுத்தம், குழந்தையின் எடை. கேள்வி ஒன்றுதான்: ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை வீட்டையொட்டி இருந்தால் கர்ப்பிணிக்குக் கெடுதலா?

முதல் விடை வந்தது. புகை சூழ்ந்த மலையூர் அம்பூரியில் தாய்மார் நலம். புகையில்லாத அடிவாரப் பாறசாலையில்தான் ரத்த அழுத்தம் அதிகம். ஆசுபத்திரி டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அப்போ சாரே, புகைய குப்பியில அடைச்சு டானிக்குன்னு விக்கலாமே."
நான் சிரிக்கவில்லை. அந்த யோசனை எனக்கும் வந்திருந்தது.

ஜூன் 13
படிவம் நிரப்பும் ஸ்டெல்லாவுக்கு ஆறாம் மாதம், தலைப்பிள்ளை. புகுந்த வீடு அம்பூரி. அடுக்களைச் சுவருக்கு அப்புறம் புகைப்புரை. மழைக்காலத்தில் அணைப்பதே இல்லை. வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி மாமியாரோடு தகராறு.
"சாருக்க கணக்கு வரட்டு, கெடுதல்னா மாத்துவோம்னு மாமி சொல்லுதாவ. வந்துதா சாரே?"
"வந்துட்டு. கெடுதல் இல்லன்னுதான் காட்டுது."
இருமினாள். படிவத்தில் இருமலுக்குப் பத்தி கிடையாது.

ஜூன் 15
மழை விட்டது. குடை தொலைந்தது. ஸ்டெல்லா தன் பெயருக்கும் ஒரு படிவம் நிரப்பி அடுக்கில் வைத்திருக்கிறாள். முகவரி: பாறசாலை.
"நீ அம்பூரியில்லா?"
"அது கெட்டிக்குடுத்த வீடு. ஏழாம் மாசம் அம்ம வீட்டுக்கு கொண்டுபோவினும். தலப்பேறு அங்கயாக்கும். ஆசுபத்திரியில எல்லாரும் அந்த அட்ரஸ்தான் குடுப்பினும். சாருக்க வீட்டுல அப்படி இல்லியா?"
அப்படித்தான். என் மனைவி தலைப்பேற்றுக்குப் போனபோது பெட்டி சுமந்தவன் நானே. புள்ளியியலில் முதுகலை.
ஏழு மாதம் மலையில் புகை குடித்தவர்களை அடிவாரக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 28
அங்கன்வாடிக்காரர்கள் மூலம் வீடுவீடாக விசாரித்தாயிற்று: ஏழாம் மாதம் வரை எந்த வீட்டு அடுக்களை? பாறசாலைப் படிவக் கட்டு மெலிந்தது, அம்பூரிக் கட்டு தடித்தது. ரத்த அழுத்தமும் கூடவே மலையேறிவிட்டது. புகைதான் காரணம் என்று இன்னும் சொல்ல முடியாது. 'கெடுதல் இல்லை' என்றதைத் திரும்பப் பெறலாம். ஸ்டெல்லாவின் மாமியாருக்கு அப்படியே எழுதி அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 29
பதில், ஸ்டெல்லா வழியாக: "இந்த சாருக்கு கணக்கு அறியுமான்னு மாமி கேக்குதாவ."
நியாயமான கேள்வி. காலை முழுக்க அதே யோசனை.

ஜூலை 3
வெயில். ஸ்டெல்லா அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன் தன் படிவத்தைத் திருத்தி வைத்திருக்கிறாள். ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கூடுதலாக ஒரு பத்தி. தலைப்பும் அவளே: பேறு கழிஞ்சு எந்த வீடு?
கீழே: புகைப்புரைய மாத்தினா அம்பூரி. இல்லெங்கி பாறசாலையே.