அச்சுக்கு அல்ல என்றுதான் சொன்னேன்

என் மதிப்புக்கும் மனத்தாங்கலுக்கும் உரிய முத்தையா அண்ணனுக்கு,

உங்கள் 'அடுப்படி அம்மணி' முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. இன்று காலை அச்சகத்தில் காதர் பாய் சொன்னார். காலி அலமாரியையும் திறந்து காட்டினார். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த புத்தகம் இப்படி ஓடும் என்று நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள்.

நம் கஜா பேராங் வட்டாரத்தில் உங்கள் கதையில் வரும் பேயைத் தெரியாதவர் இல்லை. வாடகை வீட்டு அடுப்படியில் நின்று, மீன் குழம்பில் புளி போதவில்லை என்று குடித்தனக்காரர்களை அதட்டும் பேய். குழந்தைகள்கூடப் பயப்படவில்லை. திருட வந்தவனிடம் அது சொல்லும் வரிதான் ஊரெல்லாம் பேச்சு. நேற்று நான் கோப்பிக் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் சின்னையா கத்தினார்: "வந்ததுதான் வந்தீங்க, கதவைச் சாத்திட்டு வாங்க சார், கொசு வருது!" கடையே சிரித்தது. அந்தக் கடைக்குக் கதவே கிடையாது, பலகைதான்.

என்னால் சிரிக்க முடியவில்லை, அண்ணே. அது என் மனைவி கமலா சாவதற்கு முன் கடைசியாகப் பேசியது. உங்கள் பேய் திருடனை "வா" என்றது. கமலா "வாங்க டாக்டர்" என்றாள். வித்தியாசம் அவ்வளவுதான். பிறகு அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் வள்ளி அப்போது கைக்குழந்தை. உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். "அண்ணே, இது அச்சுக்கு அல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். "ஏன்டா, எனக்கே சொல்றியா?" என்றீர்கள்.

நிருபர்களான நமக்கு அதற்கு மேல் சத்தியம் உண்டா? மெர்டேக்கா என்று சுதந்திரம் வருவதற்கு முன் தலைவர்கள் உங்கள் காதில் போட்டது எதுவும் வெளியே வரவில்லை. ஆசிரியர் மிரட்டியும் நீங்கள் அசையவில்லை. அவர்களுக்கெல்லாம் காத்த வாக்கை எனக்கு ஏன் காக்கவில்லை?

இன்று காலை காதர் பாயிடம், "மறுபதிப்புல அந்த வரியை எடுத்துடுங்க பாய்" என்றேன்.

"அதுக்குத்தானே தம்பி சனங்க வாங்குறாங்க! எடுத்தா சப்புன்னு போயிடும்." பிறகு தயங்கினார். "அண்ணன் படுக்கையில கிடக்கறப்பவே சொன்னாரு. மறுபதிப்பு வந்தா தம்பியைக் கேட்டுக்குங்க, ஒரு வரிக்கு அவன் கோவிச்சுக்குவான்னு."

ஆக, தெரிந்தே செய்திருக்கிறீர்கள். முதல் பதிப்புக்கு முன்னால் கேட்பதற்கு என்ன? தெங்கேராவில் இருந்த உங்கள் வீட்டிலிருந்து என் வீடு அவ்வளவு தூரமா?

வள்ளி புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டாள். "இந்தப் பேய் நம்ம வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்லப்பா" என்கிறாள்.

காதர் பாய் வெள்ளிக்கிழமை வரை அச்சை நிறுத்திவைத்திருக்கிறார். வியாழனோடு வள்ளிக்குப் பரீட்சை முடிகிறது. அன்று சாயங்காலம், அந்த வார்த்தை யாருடையது என்று அவளிடம் சொல்வேன். இருக்கட்டும் என்றால் ஓர் எழுத்தையும் தொடமாட்டேன். வேண்டாம் என்றால், உங்கள் பேய் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இது என் வாக்கு. நான் காப்பாற்றுவேன்.

கோபம் இன்னும் ஆறாத
உங்கள் தம்பி,
ராகவன்